காஞ்சித் தறியும் நியாயஸ்தலமும்

காஞ்சிபுரத்தில் நடந்ததாக இலக்கியம் நமக்குச் சொல்லும் பழைய விவகாரங்களுள் ஒன்று பிழைப்புக்கான ஒரு கருவியைப் பற்றியது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் மகேந்திரவர்மன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் சிறு நாடகத்தில், ஏகம்பத்தில் வசிக்கும் சத்தியசோமன் என்ற காபாலிகன், தான் பிச்சை ஏற்கும் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, அதைக் கவர்ந்தவன் நாகசேனன் என்னும் பௌத்த பிக்ஷுவே என்று குற்றம் சாட்டி வீதியில் மல்லுக்கு நிற்கிறான். வழியே வந்த பாசுபதன் ஒருவன் மத்தியஸ்தனாகிறான். அவனும் சற்று விசாரித்துப் பார்த்துவிட்டு, இது தன்னால் தீராது, நியாயஸ்தலத்துக்கே போகவேண்டும் என்று கைவிரித்துவிடுகிறான். அதைக் கேட்ட காபாலிகனின் துணைவி தேவசோமைக்கு நம்பிக்கை முற்றும் போய்விடுகிறது; பல விகாரங்களின் செல்வத்தைத் திரட்டி வைத்திருக்கும் பிக்ஷு, அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவான் என்பது அவள் கணிப்பு. தன் ராஜதானியின் நியாயஸ்தலத்தைப் பற்றி அரசனே இவ்வாறு எழுதியிருப்பது, அவனுடைய நகைச்சுவையைக் காட்டுவதோடு, காஞ்சி மக்களின் பொது அபிப்பிராயத்தையும் ஓரளவு காட்டுகிறது என்று கொள்ளலாம். ஓட்டைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது பின்னால்தான் வெளிப்படுகிறது.

அந்தப் பாசுபதனுக்குக் காபாலிகனின் விரதமும் தெரியும், ஓட்டின் அருமையும் தெரியும். தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரம் மட்டும் இல்லை. நியாயஸ்தலத்தாருக்கு அதிகாரம் உண்டு. ஓட்டின் அருமை தெரியாது, நடுநிலையோ சந்தேகத்துக்கு உரியது. தொழிலின் நுட்பம் அறிந்திருத்தல், இரு தரப்புக்கும் அப்பாற்பட்டிருத்தல், சொன்னதை நடத்திவைக்கும் வலிமை பெற்றிருத்தல் என்னும் இம்மூன்றும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தாலன்றித் தொழில் வழக்குகள் செம்மையாகத் தீரமாட்டா. அவை மூன்றும் ஒருங்கே அமர்ந்த காலம் காஞ்சியின் ஆயிரத்து நானூறு ஆண்டுச் சரித்திரத்தில் எப்போதாவது இருந்ததா என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சோழர் காலத்திலிருந்து தொடங்குவோம். உத்தம சோழனுடைய பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வெளியிடப்பட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்பேடுகள், கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின், அதாவது இன்றைய உலகளந்த பெருமாள் கோயிலின், நிர்வாகத்தைப் பற்றியவை. கம்புழான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என்னும் நான்கு நெசவுச் சேரிகள் அவற்றில் பேசப்படுகின்றன. அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலியர் அங்கே குடியிருந்தனர். கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது; கோயிற் கணக்கை நகரத்தின் ஆண்டு வாரியத்தார் பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. தறியில் அமர்ந்தவன் தன் தொழிலை மட்டும் பார்த்துக்கொண்டு ஒதுங்கியிருக்கவில்லை. பொருள் வாங்கி வட்டி செலுத்தவும், கணக்குக் காட்டவும், பிறர் காரியத்தை மேற்பார்க்கவும் தகுதியுடையவனாக ராஜாங்கத்தாலேயே மதிக்கப்பட்டான். இந்த மதிப்பு பிற்காலத்தில் எப்படித் தேய்ந்தது என்பதைப் பின்னே காண்போம்.

காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரை, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய குடவோலைக் கல்வெட்டுகளுக்காக நாம் அனைவரும் கொண்டாடுகிறோம். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் படிக்கிறோம். அவ்வூரில் பொன்னின் மாற்றை உரைத்துப் பார்ப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும் பராந்தகன் காலத்து ஏற்பாடு ஒன்று இருப்பதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் என்னும் பிரிவினரிடையே பொன் காணவல்லோர் பெயரை எழுதிக் குடத்திலிட்டு எடுத்து, அவர்களைக் கொண்டே ஊராருடைய பொன்னைச் சோதிக்க வேண்டும் என்பது சபையின் வியவஸ்தை. கைதேர்ந்தவன்தான் சோதிக்க வேண்டும். ஆனால் எந்தக் கைதேர்ந்தவன் என்பதைச் சீட்டு நிர்ணயிக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டில், நிபுணத்துவத்தையும் நடுநிலையையும் ஒருசேரக் கட்டிவைக்கும் யுக்தி இருக்கிறது. பட்டுச் சேலையின் சரிகையில் தங்கம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்ற தகராறு காஞ்சியில் இன்றும் எழும்போது, சோதனைச் சாலையின் யந்திரம் விடை சொல்லிவிடுகிறது. அதை யார் கேட்பது, யார் கட்டணம் கட்டுவது என்பதற்குத்தான் குடவோலை இல்லை.

சோழராட்சிக்குப் பின் நெசவாளர் விவகாரங்களில் தலைமை பெற்றது ஜாதிச் சபையே. செங்குந்தர் எனப்படும் கைக்கோளர் சமூகம் எழுபத்திரண்டு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுக்கு மேலே நான்கு திசை நாடுகளும், எல்லாவற்றுக்கும் தலையாகக் காஞ்சிபுரத்தில் மகாநாடும் இருந்தன. ஓர் ஊரில் தீராத வழக்கு திசை நாட்டுக்குப் போகும். அங்கும் தீராதது காஞ்சிக்கு வரும். மாட்டிசன் மைன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு ஊர்க் கைக்கோளர்களுக்குத் தண்டும் சங்கும் கொள்ளும் மரியாதை வழங்கப்பட்டபோது, காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் நிலவிய வழக்கமே பிரமாணமாக எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. மேல் முறையீட்டு நீதிமன்றம், முன்னுதாரணம் என்று இக்காலத்து வக்கீல்கள் எவற்றைச் சொல்கிறார்களோ, அவையிரண்டும் காஞ்சித் தெருக்களில் வேறு பெயர்களோடு உலவின.

இந்தப் பழைய சபைகளைப் பற்றிப் பேசும்போது நம்மவரில் சிலர் கண்கலங்கிப் போகிறார்கள். அதற்கு இடமில்லை என்பது என் கருத்து. பாவின் நீளம் குறைந்தது, நூல் எடையில் மோசம் நடந்தது, கோர்வையில் பழுது நேர்ந்தது என்னும் வழக்குகளில் நாட்டாரைவிடத் திறமையாகத் தீர்ப்புச் சொல்லக்கூடியவர் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஜாதியின் எல்லைக்குள்தான் செல்லும். சாலியரும் தேவாங்கரும் சௌராஷ்டிரரும் தத்தமக்கெனச் சபை வைத்திருந்தார்கள். நெசவாளி ஒரு ஜாதி, முன்பணம் கொடுத்த வணிகன் வேறொரு ஜாதி என்றால், யார் சபையில் பிராது கொடுப்பது? அவ்விருவரும் ஒரே ஜாதியாக இருந்தாலோ, சபையின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவன் பெரும்பாலும் பொருள் உள்ளவனாகிய வணிகனே. சபையின் கடைசி ஆயுதமாகிய ஜாதிப் பிரஷ்டம், பாவு ஓட்டி நூல் சுற்றிய பெண்களையும் பிள்ளைகளையும் தண்டித்ததேயன்றி, அவர்களுடைய குரலைக் கேட்டதில்லை.

முன்பணம் என்ற சொல் வந்துவிட்டது. காஞ்சி நெசவின் வழக்குகள் எல்லாவற்றுக்கும் மூலம் அதுவே ஆதலால் சற்று நின்று பார்க்க வேண்டும். நூல் வாங்கவும், நெய்து முடியும் வரை உண்ணவும் நெசவாளிக்குப் பணம் தேவை; அதைக் கொடுத்தவனுக்குத் துணி சேரவேண்டும். ஆங்கிலக் கும்பினி வந்த தொடக்க காலத்தில், தென்னாட்டு நெசவாளி இந்த ஒப்பந்தத்தில் கையோங்கியே இருந்தான் என்று சரித்திராசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி 2001ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் நிறுவியிருக்கிறார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நெசவாளி ஒப்பந்தத்தினின்று விடுபடலாம். வணிகனுக்கோ அந்தச் சலுகை இல்லை. 1763ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி காஞ்சிபுரம் உள்ளிட்ட செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தபின், துணியை வாங்கும் வியாபாரியும் நாட்டை ஆளும் சர்க்காரும் ஒருவரே என்ற நிலை உண்டாயிற்று. வழக்கில் ஒரு கட்சிக்காரனே நியாயாதிபதியுமானான். நெசவாளியின் பழைய சுதந்திரம் படிப்படியே பறிபோயிற்று.

இந்தப் பறிமுதலுக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம். தொழிலாளர் ஒப்பந்த முறிவுச் சட்டம் என்னும் அது, கல்கத்தா வணிகர்களின் விண்ணப்பத்தின் பேரில் பிறந்து, முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று நகரங்களையும் கருதி எழுதப்பட்டு, பிற இடங்களுக்கும் விரிக்கத்தக்கதாக இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காத கைவினைஞன்மீது முதலாளி மாஜிஸ்டிரேட்டிடம் பிராது கொடுக்கலாம். பணத்தைக் கட்டு அல்லது வேலையைச் செய் என்று மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி கொடுக்காத முதலாளிமீது தொழிலாளி தொடுக்கக்கூடிய வழக்கு எதையும் அச்சட்டம் அறியாது. அடுத்த ஆண்டே, ரயில் பாதை முதலிய பொதுப் பணிகளில் கூலித் தகராறுகளைச் சுருக்கமாக விசாரிக்க மற்றொரு சட்டம் வந்தது என்றாலும், வீட்டுத் தறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டு இத்தகைய ஒப்பந்த முறிவு குற்றம் என்பது நீக்கப்பட்டுச் சிவில் விவகாரமாக மாற்றப்பட்டது. இந்தியாவில் அம்மாற்றத்துக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1925ஆம் ஆண்டு ரத்துச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் பழைய சட்டம் ஒழிந்தது. தொழில் வழக்குகளுக்கென நவீன ராஜாங்கம் நமக்குத் தந்த முதல் பிரத்தியேக ஏற்பாடு இவ்வாறு ஒரு சிறைச்சாலையின் வாசலில் முடிந்தது.

அதே பட்டுத் தொழில் இன்னொரு தேசத்தில் வேறு பாதையில் சென்றது. பிரான்சு தேசத்து லியோன் நகரம், நம் காஞ்சியைப் போலவே, வீட்டுக்கு வீடு தறி வைத்துப் பட்டு நெய்த நகரம். வணிகன் பட்டு நூலைக் கொடுப்பான், தறிக்குரிய தலைமை நெசவாளி தன் வீட்டில் நெய்து கொடுத்துக் கூலி பெறுவான். 1806ஆம் ஆண்டு நெப்போலியனின் ஆட்சியில் அந்நகரத்துக்கென ‘ப்ருதோம்’ சபை என்ற தொழில் நீதிமன்றம் நிறுவப்பட்டது. அதன் ஒன்பது உறுப்பினர்களில் ஐவர் வணிகர், நால்வர் தலைமை நெசவாளர். முதலில் சமரசம் செய்துபார்ப்பதும், அது கைகூடாவிட்டால் தீர்ப்பளிப்பதும் அதன் நடைமுறை. நெசவாளி வாங்கிய முன்பணம் ஒரு கைப்புத்தகத்தில் எழுதப்படும். அவன் வேறு வணிகனிடம் போனால், புதியவன் கூலியில் எட்டில் ஒரு பங்கைப் பிடித்துப் பழையவனுக்குச் செலுத்தவேண்டும். சிறை இல்லை. ஐவருக்கு நால்வர் என்ற அந்தச் சமனற்ற கணக்கையும், தலைமை நெசவாளிக்குக் கீழே உழைத்த கூலிக்காரனுக்கு அச்சபையில் இடமே இல்லாதிருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1831, 1834ஆம் ஆண்டுகளில் லியோன் நெசவாளர் கிளர்ந்தெழுந்து துப்பாக்கிக்கு இரையானதையும் அச்சபை தடுக்கவில்லை. ஆயினும் 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் விதி ஏற்பட்டது. அந்த நீதிமன்றங்கள் இன்றும் பிரான்சில் நடக்கின்றன. இத்தகைய சபை காஞ்சிக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

இங்கே ஒரு கிளைக் கதைக்குள் புகவேண்டியிருக்கிறது. நெசவாளி சிறைக்குப் பயந்து வாழ்ந்த அதே காலத்தில், அதே ஊரில், வேறொரு தொழிலாளர் கூட்டத்தின் வழக்கை உயர் நீதிமன்றம் மிகுந்த சிரத்தையோடு விசாரித்தது. வரதராஜப் பெருமாள் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் ஓதும் அத்தியாபக மிராசு தென்கலையாருக்கே உரியதா, வடகலையாருக்கும் பங்கு உண்டா என்ற விவகாரம் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே புகைந்து வந்தது. 1882ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அத்தியாபகம் என்பது ஊதியமும் மரியாதையும் சேர்ந்த ஓர் உத்தியோகம் என்றும், அது தென்கலையாருக்கு உரியது என்றும் கொண்டது. சடங்கைப் பற்றிய சர்ச்சையில் சிவில் நீதிமன்றம் தலையிடாது. ஆனால் ஓர் உத்தியோகத்தின் உரிமை சடங்கைப் பொறுத்திருந்தாலும் அதை விசாரிக்கும் என்னும் தத்துவம், 1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் இன்றும் நிற்கிறது. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, கோயில் மரியாதை, ஊதியம், வழக்கம் பற்றிய தகராறுகளை இணை ஆணையர் முன் வைத்தது. அத்தியாபகத் தகராறு இந்த நூற்றாண்டிலும் ரிட் மனுவாக உயர் நீதிமன்றப் படியேறி வருவதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: கோயிலில் ஓதுபவனுடைய வேலையைச் சட்டம் சொத்தாகக் கண்டது, ஆகவே அவனுக்கு எல்லாப் படிகளிலும் நீதிமன்றம் கிடைத்தது. பரம்பரையாக அதே கோயிலுக்கும் ஊருக்கும் நெய்தவனுடைய வேலையை அது கடனாகக் கண்டது.

தொழிலாளி என்பவன் சட்டத்தின் பார்வையில் வேறு உருவம் கொள்ளத் தொடங்கியது ஆலைகளால். 1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை லேபர் யூனியன் தோன்றியது; பி.பி. வாடியா முதலியோர்மீது பக்கிங்காம் ஆலையார் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றதன் எதிரொலியாக 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. அதற்குச் சற்று முன்னரே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்துவிட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு, முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் ஈடு உண்டு என்பதும், அதைச் சிவில் நீதிமன்றம் அல்லாமல் ஓர் ஆணையரே நிர்ணயிப்பார் என்பதும் அக்காலத்தில் புதுமையே. அச்சட்டத்தின் அட்டவணை மனித உடலைப் பகுத்து விலையிட்டது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 நஷ்டம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14, ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி ஒன்றின் அருகே நின்று பார்த்தால், அது யாருக்காக எழுதப்பட்டது என்பது விளங்கிவிடும். விசையால் ஓடும் யந்திரம் நொடியில் விரலைக் கவ்வும்; கைத்தறி அப்படிச் செய்வதில்லை. குழிக்குள் கால் தொங்க, இடுப்பு வளைந்து, அரை வெளிச்சத்தில் மயிரிழைச் சரிகையைத் தேடித் தேடி எடுப்பவனுடைய முட்டியையும் முதுகையும் கண்ணையும் அது முப்பது ஆண்டுகளில் சிறுகச் சிறுக வாங்கிக்கொள்கிறது. எந்தத் தேதியில் விபத்து நேர்ந்தது என்று ஆணையர் கேட்டால் நெசவாளி என்ன பதில் சொல்வான்? தொழில் நோய்கள் பற்றிய அட்டவணை ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் இடம் பெற்றது, பட்டு நெசவாளியின் பார்வைக் குறைவு இடம் பெறவில்லை. தவிர, ஈடு கேட்பவன் முதலில் ஒரு முதலாளியைக் காட்டவேண்டும். தன் வீட்டில், தன் தறியில் அமர்ந்திருப்பவன் யாரைக் காட்டுவது?

1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமும், அதன் இடத்தில் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டமும் சமரச அதிகாரி, சமரச வாரியம், விசாரணை நீதிமன்றம், தொழில் தீர்ப்பாயம் என்று படிப்படியான ஸ்தாபனங்களைச் சிருஷ்டித்தன. லேபர் கோர்ட் என்று மக்கள் வாயில் வழங்கும் தொழிலாளர் நீதிமன்றம் 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. இவற்றுள் கைத்தறிக்குக் கிடைத்தது விசாரணை நீதிமன்றம். கைத்தறித் தொழிலில் உழைப்போரின் நிலைமையை ஆராயச் சென்னை ராஜாங்கம் அத்தகைய நீதிமன்றம் ஒன்றை அமைத்து, அதன் அறிக்கையை 1948ஆம் ஆண்டு வெளியிட்டது. சரித்திர ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஓர் அரிய பொக்கிஷம். ஆனால் பெயரில் நீதிமன்றமாக இருந்தாலும், விசாரணை நீதிமன்றம் என்பது விஷயங்களைக் கண்டறிந்து சொல்வதற்கே ஏற்பட்டது. ஒருவனுக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை.

தீர்ப்பு வழங்கும் மன்றங்களின் வாசலிலோ வேறொரு கேள்வி காத்திருந்தது. நியாயம் யார் பக்கம் என்று விசாரிக்கும் முன்னர், வந்திருப்பவன் தொழிலாளிதானா என்று விசாரிக்க வேண்டும். தாரங்கதராவில் உப்பளத்தில் உழைத்த அகரியாக்கள், தங்கள் குடும்பத்தாரையும் கூலியாட்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்து, உற்பத்தி செய்த உப்பின் அளவுக்குத் தக்கபடி பணம் பெற்றவர்கள். அவர்கள் குத்தகைக்காரர்களே என்று உப்பளக் கம்பெனி வாதித்தது. வேலையின் முறையைக் கட்டுப்படுத்தும் உரிமை கம்பெனியிடம் இருப்பதாலும், அவர்கள் தாமே உடலால் உழைப்பதாலும் தொழிலாளரே என்று சுப்ரீம் கோர்ட் 1956ஆம் ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. தையற்கடைக்காரர்களைப் பற்றி 1973ஆம் ஆண்டிலும், கோழிக்கோட்டுக் கயிறுத் தொழிலாளரைப் பற்றி 1978ஆம் ஆண்டிலும் வந்த தீர்ப்புகள் அந்த வட்டத்தை இன்னும் அகலமாக்கின. பின்னதை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஒப்பந்தக்காரன் என்னும் திரையை விலக்கிப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். வீட்டிலிருந்து பீடி சுற்றுவோருக்கு 1966ஆம் ஆண்டுத் தனிச்சட்டமே வந்து, 1974ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் உறுதியாயிற்று.

காஞ்சி நெசவாளியின் நிலை இவர்கள் எல்லோரையும்விடச் சிக்கலானது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. தறி பெரும்பாலும் நெசவாளியுடையது. வடிவம் முதலாளி சொல்வது. வேலை நேரம் நெசவாளி வகுப்பது. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் இணைக்க மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஆகவே கரைப் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி கொடுக்கும்போது நெசவாளியே ஒரு சிறு முதலாளி ஆகிவிடுகிறான். சேலை பழுது என்று கூலியில் பிடித்தம் செய்கிற அன்று அவன் தொழிலாளி. நஷ்டஈடு கேட்கிற அன்று சுதந்திர வியாபாரி. தமிழ்நாட்டுச் சட்டசபை 1981ஆம் ஆண்டு கைத்தறித் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது உண்மை. ஆனால் சட்டத்தின் பெயரைத் தெருவில் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர் அரிது.

முதலாளியே இல்லாமல் செய்துவிட்டால் இந்தக் கேள்வியும் இல்லாமற் போய்விடும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். நெசவாளர் குடும்பத்தில் காஞ்சியிலேயே பிறந்த அண்ணாதுரை, 1953ஆம் ஆண்டு கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்ற காலத்தின் வேகம் இந்த இயக்கத்துக்கும் துணை நின்றது. காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் என்று ஊர்ப்பற்றும் பக்தியும் அரசியலும் கலந்த பெயர்களோடு பட்டுச் சங்கங்கள் தோன்றி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நூலும் கூலியும் ஓரளவு ஒழுங்காகக் கிடைக்கச் செய்தன என்பதை மறுப்பவன் நன்றி கொன்றவன். ஆனால் சங்கத்தில் நெசவாளி அங்கத்தினன், ஆகவே உடைமையாளன். தன்மீது தானே எப்படி வழக்குத் தொடுப்பான்? 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே வரும் தகராறு பதிவாளரிடம் செல்லும். அங்கிருந்து 152ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கைத்தறிச் சங்கங்களுக்குப் பதிவாளரின் அதிகாரத்தைச் செலுத்துவது கைத்தறித் துறை. அத்துறையினர் ரகமும் விலையும் ரிபேட்டும் நன்கறிந்தவர்கள். சங்கத்தை மேற்பார்ப்பவர்களும், தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு இல்லாத காலங்களில் சங்கத்தை நடத்துபவர்களும் அவர்களே. தொழிலறிவு உண்டு, அதிகாரமும் உண்டு. அப்பாற்பட்ட நிலைதான் இல்லை.

இவ்வளவு காலமும் எந்தச் சபையிலும் பேசப்படாதிருந்தவர்கள், கரைப் பக்கத்தில் நின்று நாடா தள்ளிய பிள்ளைகள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் உட்கார்த்தப்பட்ட காஞ்சிச் சிறுவர்களைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை உலகறியச் சொல்லியது. அதற்கு வெகு முன்னரே 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை அப்படியே தலைகீழாக்கியது எனலாம். பழைய சட்டத்தில் முன்பணம் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் ஆதாரம். புதியதில் கொத்தடிமைக் கடன் அறவே அழிந்துபோகும், அது அத்தகைய கடன் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவன்மேல் விழும். வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தையும் நிர்வாக மாஜிஸ்டிரேட்டுக்கே ராஜாங்கம் கொடுக்கலாம் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது. வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்திடும் ஒரு விடுதலைச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் கடனைத் துடைத்துவிட வல்லது. ஆனால் அவர் தறி வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால், தன் பிள்ளைக்குத் தகப்பன் தொழில் கற்பிக்கிறான் என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். சில வீடுகளில் அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். எது எந்த வீடு என்பதைத் தெரிந்தவர் அந்தத் தெருக்காரர்தாம். அவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை.

2020ஆம் ஆண்டு பாராளுமன்றம் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, பழைய தொழிலாளர் நீதிமன்றங்களின் இடத்தில் இரண்டு உறுப்பினர் கொண்ட தீர்ப்பாயங்களை வகுத்திருக்கிறது. ஒருவர் நீதித்துறை உறுப்பினர். மற்றொருவர் நிர்வாக உறுப்பினர். ஒரே நீதிபதி அமர்ந்த ஆசனத்தில் இரண்டாவது நாற்காலி போடப்படுகிறது என்றால், அது தொழில் அறிந்தவருக்காக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அதில் உத்தியோகஸ்தரை அமர்த்தியதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையே பிள்ளையார்பாளையத்திலும் முத்தியால்பேட்டையிலும் பெரும்பாலான விவகாரங்கள் எந்த மன்றத்தையும் அணுகாமலே முடிகின்றன. கூலி போதவில்லை என்றோ, பிடித்தம் அநியாயம் என்றோ மனம் கசந்த நெசவாளி வேறொரு முதலாளியைத் தேடிப் போகிறான். அவருக்கு நல்ல கோர்வைக்காரன் தேவையாக இருந்தால், பழைய முதலாளிக்குச் சேரவேண்டிய முன்பணத்தைத் தாமே செலுத்திவிட்டு, அந்தத் தொகையைத் தம் கணக்கில் அவன் பெயருக்கு எழுதிக்கொள்கிறார். லியோன் நகரத்தார் கைப்புத்தகமும் எட்டில் ஒரு பங்கும் வைத்து நீதிமன்றத்தின் மேற்பார்வையில் செய்த அதே காரியத்தைக் காஞ்சியில் இருவர் ஒரு திண்ணையில் பேசி முடித்துவிடுகிறார்கள். பிடித்தம் நியாயமா என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுப்பதில்லை. புது முதலாளிக்கு அது அவசியமில்லை, பழையவருக்குப் பணம் வந்துவிட்டது, நெசவாளிக்கு மறுநாள் பாவு ஏற்றவேண்டியிருக்கிறது.